நாகல் நகர்க் கிட்டங்கியில் நாற்பத்தெட்டு ஜோடி வால்வுகள்

அறுபதுகளின் தொடக்கத்தில், நான் கீழே எழுதப்போகும் நிகழ்ச்சிக்கு முன்னால், என் நிலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பௌதிகத்தில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றவன். சென்னையில் ஓர் இறக்குமதி நிறுவனத்தில் மூன்றாண்டுகள் பணியாற்றி, சாலிடர் வைப்பதிலிருந்து சுங்க இலாகாப் படிவம் நிரப்புவது வரை கற்றவன். அந்நிறுவனம் திண்டுக்கல் நாகல் நகரில் வைத்திருந்த கிட்டங்கிக்குப் பொறுப்பாளன். என் அலமாரிகளில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எழுந்து போய்ப் பார்க்காமலே சொல்லக்கூடியவன் என்று தலைமை அலுவலகத்தில் எனக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் சம்பாதித்திருந்தேன். எவரும் எனக்குத் தானமாகக் கொடுத்ததில்லை.

கிட்டங்கியில் இருந்தவை கப்பல் சாமான்கள். போர்க்காலத்தில் பிரிட்டனில் கட்டப்பட்ட ஒரு வகை டெஸ்ட்ராயர் போர்க்கப்பல்களில் சில, சுதந்திரத்துக்குப் பின் நம் கடற்படைக்கு வந்துசேர்ந்தன. நம்மிடம் அவை ஓடிக்கொண்டிருக்கும்போதே பிறந்த நாட்டில் அந்த வகைக்கு ஓய்வு கொடுத்து, ஒவ்வொன்றாக உடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவற்றின் மின்னணுக் கருவிகளுக்கான உதிரிகளைச் செய்த தொழிற்சாலைகளும் வேறு வேலைக்குப் போய்விட்டன. உடைத்த கப்பல்களிலிருந்தும் மூடிய பண்டகசாலைகளிலிருந்தும், பழைய ரேடியோவில் இருப்பதுபோன்ற கண்ணாடி வால்வுகள், டிரான்ஸ்பார்மர்கள், ரிலேக்கள் ஆகியவற்றை எங்கள் முதலாளி மொத்தமாக வாங்கி வரவழைத்தார். கொச்சியில் கப்பல் பழுதுபட்டு, கடற்படைப் பண்டகசாலையில் பொருள் இல்லையென்றால், எங்களுக்குத் தந்தி வரும்.

கடலே இல்லாத ஊரில் இதையெல்லாம் ஏன் வைத்தார்கள் என்று கேட்காதவர் இல்லை. தொப்பம்பட்டியிலிருந்து புகையிலைச் சிப்பம் ஏற்றிவரும் வண்டிக்காரர் ஒருவர் எங்கள் பெட்டிகளையும் ரயில் நிலையத்திலிருந்து கொண்டுவருவார். முதல் நாள் அவர் பெட்டியைத் தோளில் வைத்தபடியே கேட்டார்:

“ஏனுங்க, இதுக்குள்ள என்னங்க?”

“கப்பல் சாமான்.”

அவர் திரும்பி மலைக்கோட்டையைப் பார்த்தார். தெருவில் குடங்களோடு குழாயடியில் நின்ற கூட்டத்தையும் பார்த்தார். “குடிக்கவே தண்ணியில்லைங்க. கப்பலை எங்கீங்க விடப் போறீங்க?”

கிட்டங்கி வாசலில் நின்ற சவரியம்மாள் பதில் சொன்னார்: “மலை மேல விடப் போறாக. ஒனக்கென்னப்பு? நீ பெட்டிய எறக்கு.”

தண்ணீர் இல்லாததுதான் காரணம். சென்னைத் துறைமுகக் கிடங்கில் உப்புக்காற்றில் வால்வுகளின் கால்களில் பச்சைக் களிம்பு பிடித்தது. துணி சுற்றிய கம்பிகளில் பூஞ்சை படர்ந்தது. என் மேலதிகாரி திரு. தேவசகாயம், ஒரே வகை வால்வுகளை நான்கு ஊர்களில் ஒரு மழைக்காலம் முழுவதும் வைத்திருந்து, பிறகு அவற்றின் கால்களைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, திண்டுக்கல் என்று முடிவு சொன்னார். எங்கள் ஊரின் வறட்சிக்கு நற்சான்றிதழ் கொடுத்தவர் நான் அறிந்தவரை அவர் ஒருவரே.

புகையிலை வியாபாரி ஒருவரின் பழைய கிட்டங்கியை வாடகைக்கு எடுத்தோம். கல் சுவர், உயரத்தில் சிறு ஜன்னல்கள். சுவரில் ஊறிய புகையிலை நெடி எத்தனை முறை வெள்ளையடித்தும் போகவில்லை. அங்கே புகையிலை தரம் பிரித்துக்கொண்டிருந்த எட்டுப் பெண்களையும் திரு. தேவசகாயம் கட்டிடத்தோடு சேர்த்தே எடுத்துக்கொண்டார். முதலாளிக்கு அதில் உடன்பாடில்லை. “நொறுங்குற சருக நொறுங்காமத் தூக்குற கை, கண்ணாடியத் தூக்காதா?” என்று திரு. தேவசகாயம் அவரிடம் கேட்டாராம். அவர்களின் தலைவிதான் சவரியம்மாள். நாற்பது வயதிருக்கும். வெற்றிலை போட்ட வாய். இடுப்புச் சுருக்குப்பையில் எப்போதும் ஒரு சுண்ணாம்பு டப்பி.

திரு. தேவசகாயத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். போர்க்காலத்திலும் அதற்குப் பின்னும் கப்பல்களில் மின்கருவிகளைப் பேணும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். வெள்ளைக் கான்வாஸ் காலணி அணிவார். அதில் தூசி பட்டு நான் பார்த்ததில்லை. பெட்டியைத் திறக்குமுன் மூடியின் இடுக்கில் மூக்கை வைத்து முகர்வார். ஈரம் புகுந்த பெட்டிக்கு ஒரு வாசனை உண்டு என்பார். அவர் முகர்ந்து ஒதுக்கிய பெட்டியில் நல்ல பொருள் இருந்து நான் கண்டதில்லை. அவர் யாரையும் ஏசியதில்லை. வேலை சரியில்லையென்றால், “திரும்ப ஒருக்க,” என்பார். பாராட்டாக அவர் வாயிலிருந்து வரும் ஒரே சொல், “இருக்கலாம்.”

அவர் வால்வைச் சோதிக்கும் முறை இது. கையிலுள்ள மோதிரத்தைக் கழற்றி மேசையின் இடது மூலையில் வைப்பார். வால்வை அடிப்பாகத்தில் இரண்டு விரலால் பிடித்துச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்துவார். கண்ணாடியின் உட்புறத்தில் ரசம் பூசியதுபோல ஒரு வெள்ளிப் படலம் இருக்கும். காற்றுப் புகுந்திருந்தால் அது பாலாக வெளுத்துவிடும். படலம் நன்றாக இருந்தால் நகத்தால் மெல்லச் சுண்டி, காதருகே வைத்துக் கேட்பார். பிறகு சோதனைப் பெட்டியில் செருகி, இழை சூடேறிச் சீராகும்வரை கால் மணி நேரம் காத்திருப்பார். அந்தக் கால் மணியில் பேச்சு கிடையாது. அதன்பின் மூன்று நிலைகளில் முள் காட்டும் அளவைப் படிப்பார். படிப்பவர் எழுதக்கூடாது, எழுதுபவர் முள்ளைப் பார்க்கக்கூடாது. எழுதியதை நான் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருமுறை, அவர் சொல்லிமுடிக்கும் முன்பே எண்ணை ஊகித்து எழுதிவிட்டேன். அவர் பென்சிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கேட்டார்:

“மிஸ்டர் வரதராஜன், நீரு கேட்டீரா, நெனச்சீரா?”

நினைத்தேன் என்றேன். “திரும்ப ஒருக்க,” என்றார். முதல் வால்விலிருந்து.

மழைக்காலத்தில் வேறொரு வேலை. பெட்டிகளுக்குள் ஈரத்தை இழுக்கும் சிலிக்கா குருணைகள் சிறு துணிப்பைகளில் இருக்கும். காய்ந்திருந்தால் நீலம், ஈரம் குடித்துவிட்டால் ரோஜா நிறம். அவற்றைத் தோசைக்கல்லில் போட்டு, மீண்டும் நீலமாகும்வரை வறுக்க வேண்டும். பெண்கள் அதைக் கல்கண்டு என்பார்கள். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து, கப்பல் உதிரிகளுக்காகத் தோசைத் திருப்பியால் கல்கண்டு வறுத்த காட்சியை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று நான் சிரித்ததில்லை. பொறுப்பாளன் சிரிக்கக்கூடாது என்று எண்ணியிருந்தேன்.

இனி, ஜோடி வால்வுகள். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு வால்வுகள்கூட ஒன்றுபோல் இயங்குவதில்லை. பெரும்பாலான கருவிகளுக்கு அது ஒரு பொருட்டல்ல. ஆனால் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு நீர்மூழ்கி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று காட்டும் கருவியில் இரண்டு வால்வுகள் தராசின் இரு தட்டுகளைப்போல் வேலை செய்கின்றன. இரண்டும் எல்லா நிலையிலும் ஒரே அளவைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் கருவி இயங்கும். ஆனால் தொலைவைத் தவறாகச் சொல்லும். தவறு என்று எவருக்கும் உடனே தெரியாது.

அத்தகைய வால்வுகள் எங்களிடம் நாற்பத்தெட்டு ஜோடி இருந்தன. திரு. தேவசகாயமும் நானும் ஆறு வாரம் உட்கார்ந்து அளந்து இணைத்தவை. ஒவ்வொரு ஜோடியும் இரண்டு அறை கொண்ட ஓர் அட்டைப்பெட்டியில் இருந்தது. மூடிக்கடியில் ஒரு சீட்டு: ஜோடி எண், ‘பொருத்தம் சரிபார்க்கப்பட்டது’ என்ற வாசகம், திரு. தேவசகாயத்தின் கையெழுத்து. அளவுகளைக் குறித்த தாள்கள் சென்னைக்குப் போய்விட்டன. வால்வின் மேல் எந்த அடையாளமும் இடவில்லை. சூடேறும் கண்ணாடியின் மேல் மை படக்கூடாது என்பது அவர் கொள்கை.

அந்த ஆண்டு அவர் மனைவிக்கு உடல்நலம் குன்றி, ஒரு மாத விடுப்பில் ஊருக்குப் போனார். அந்த மாதத்தில் கடற்படைப் பண்டகசாலை அதிகாரி ஒருவர் கிட்டங்கியைப் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. தனியாக ஒரு பார்வையாளரை நான் எதிர்கொள்வது அதுவே முதல் தடவை. ஜோடி வால்வுகளின் அட்டைப்பெட்டிகளில் பலவற்றைக் கரையான் அரித்திருந்தது. நத்தம் மாம்பலகையில் ஒரே அளவில், பெட்டிக்கு இரண்டு ஜோடி கொள்ளும்படி, சிறு பெட்டிகள் செய்யச் சொல்லி, அவற்றுக்கு என் கையாலேயே எழுத்தெழுதி வார்னிஷ் பூசினேன். அந்த வேலையில் மூழ்கியிருந்தபோது சவரியம்மாள் வந்து, வால்வுகளை எப்படி மாற்றி வைப்பது என்று கேட்டார். நான் தலை நிமிராமல் சொன்னேன்: “ஒன்றுபோல் இருப்பதை ஒன்றாக வையுங்கள்.”

ஜோடி கலையக்கூடாது என்ற பொருளில்தான் சொன்னேன். ஆனால் ஜோடி என்றால் என்னவென்று அதுவரை அந்தப் பெண்களிடம் நான் விளக்கியதே இல்லை. விளக்க வேண்டியவர்கள் என்று எண்ணியதும் இல்லை.

அதிகாரி வந்தார். ஒரே அளவில் பளபளத்த பெட்டிகளை வரிசை வரிசையாகப் பார்த்து என் கையைக் குலுக்கினார். திரு. தேவசகாயம் திரும்பி வந்ததும் புதிய பெட்டிகளைக் காட்டினேன். ஒன்றை எடுத்து, மூடியை முகர்ந்து, “வார்னிஷ்,” என்று மட்டும் சொல்லித் திருப்பி வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை கொச்சியிலிருந்து தந்தி. கப்பல் ஒன்று புறப்படத் தயாராக நிற்கிறது. தொலைவு காட்டும் கருவியில் வால்வுகள் பழுது. இரண்டு ஜோடி தேவை. மறுநாள் நண்பகல் கடற்படை வீரர் ஒருவர் நேரில் வந்து பெற்றுக்கொண்டு மாலை வண்டிக்கே திரும்புவார். இப்படிப்பட்ட தந்திக்காகத்தான் அந்தக் கிட்டங்கியே இருந்தது. நான் எழுந்து போய்ப் பார்க்காமலே அலமாரி எண்ணைச் சொல்லி, பிறகு நிதானமாக எழுந்து போய் முதல் பெட்டியைத் திறந்தேன்.

நான்கு வால்வுகள் இருந்தன, ஜோடிச் சீட்டுகள் இல்லை. நான்கும் அப்பழுக்கற்ற கண்ணாடி. ரசப் படலம் நிலைக்கண்ணாடிபோல் மின்னியது. அடுத்த பெட்டியிலும் நான்கு. படலம் சற்றே மங்கியவை. மூன்றாவதில் நான்கு, அடிப்பாகம் கறுத்தவை. முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம். புகையிலை பிரிப்பதுபோலவே நிறம் பார்த்து, பளபளப்பு பார்த்து, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி பிரித்திருந்தார்கள். அலமாரியின் கோடியில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் கையெழுத்திட்ட நாற்பத்தெட்டுச் சீட்டுகள், ஓரம் தட்டி அடுக்கி, நூல் போட்டுக் கட்டியிருந்தன.

அந்த டின்னை என் மேசைக்கு எடுத்து வந்து இரண்டு சீட்டுகளை உருவி முன்னால் வைத்தேன். கையெழுத்து உண்மையானது. வால்வுகளும் உண்மையானவை. ஏதேனும் நான்கை எடுத்து இந்தச் சீட்டுகளோடு அனுப்பினால் கருவி இயங்கும். இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது; ஆனாலும் அரை மணி நேரம் அந்தச் சீட்டுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

சவரியம்மாள் ஏதோ சாவி கேட்டு வந்தார். “என்னய்யா, மொகம் இப்புடிச் செத்துப்போயிக் கெடக்கு? வீட்டுல எதுவும் சொகமில்லையா?”

“போய் வேலையைப் பாருங்கள்,” என்றேன்.

“வேலையத்தான் பாக்குறேன். நீங்கதான் செத்த நேரமா ஒரு வேலையும் பாக்காம ஒக்காந்திருக்கீக.”

அவர் போனதும் நான் எழுந்து திரு. தேவசகாயத்தின் அறைக்குப் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சார், ஜோடிகள் கலைந்துவிட்டன.”

“எத்தன?”

“எல்லாம்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “யாரு கலச்சா?”

நான் சொன்னேன்: “பெட்டி மாற்றும்போது பெண்கள் கலந்துவிட்டார்கள் சார்.”

“நீரு பாத்தீரா?”

“இல்லை சார்.”

“அப்ப, நெனச்சீரு.” வாசலை நோக்கிக் குரல் கொடுத்தார். “சவரியம்மா, இங்கன வாங்க.”

சவரியம்மாள் வெகுதூரத்தில் இல்லை. நான் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது என்பது உள்ளே வந்த நடையிலேயே தெரிந்தது. என்னைப் பார்க்காமல் திரு. தேவசகாயத்திடம் பேசினார்.

“அய்யா, ஒன்னுபோல இருக்கதை ஒன்னா வையின்னாக. வச்சோம். கண்ணுக்குத் தெரியிறதத்தான நாங்க பாக்க முடியும்? உள்ளுக்குள்ள எது எதுக்குப் புருசன், எது எதுக்குப் பொஞ்சாதின்னு எங்களுக்கு யாரு சொன்னா? எட்டுப் பேரையும் நிப்பாட்டப் போறீகன்னா இப்பவே சொல்லிப்புடுங்க. சித்திர வரைக்கும்தான் அடுத்த கிட்டங்கியில ஆள் எடுப்பாக.”

இது எங்கே போய் நிற்கும் என்று மூவருக்கும் தெரியும். சேதப் பதிவேட்டில் ‘காரணம்’ என்றொரு கட்டம் உண்டு. அதில் ‘தொழிலாளர் தவறு’ என்று எழுதினால், அவர்களைச் சேர்த்ததே பிடிக்காத முதலாளி எட்டுப் பேரையும் நிறுத்திவிடுவார். வேறு விதமாக எழுதினால், என் பெயர் போகும்.

திரு. தேவசகாயம் என்னிடமிருந்து டின்னை வாங்கினார். நூலை அவிழ்த்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி, நாற்பத்தெட்டையும் நான்காகக் கிழித்தார். அவசரப்படவில்லை. “கையெழுத்து என்னது. ஜோடி இல்லாத கையெழுத்து எதுக்கு?” என்றார். “காரணத்த, நாளைக்கி ரயில் போன பொறவு எழுதுவோம். இப்ப ஜோடி வேணும்.”

கணக்கு எளிது, விடைதான் கொடியது. தொண்ணூற்றாறு வால்வுகள், ஒவ்வொன்றுக்கும் கால் மணிக்கு மேல், ஒரே ஒரு சோதனைப் பெட்டி. முழுவதும் அளக்கப் பல நாளாகும். எங்கிருந்தோ நான்கைந்தை எடுத்து அளந்தால் அவற்றில் ஜோடி சேருமென்ற உறுதி இல்லை. இதை நான் அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கையில் சவரியம்மாள் குறுக்கிட்டார்.

“அம்புட்டையும் எதுக்குய்யா அளக்கணும்? ஒரு ஆளு கைய மட்டும் அளந்தாப் பத்தாதா?”

எங்களுக்குப் புரியவில்லை. அவர் அலமாரிக்குப் போய் ஒரு பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். அடிப்பலகையில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி. அடுத்த பெட்டியில் இரண்டு புள்ளி. இன்னொன்றில் குறுக்குக் கோடு.

புகையிலைக் கிட்டங்கி வழக்கம் அது. ஒருத்தி ஒரு சிப்பத்தைப் பிரித்தால், அதிலிருந்து வந்த மூன்று தரமும் அவள் கையடையாளத்தோடுதான் இருக்கும். மேஸ்திரி பார்த்துச் சரி சொல்லும்வரை ஒருத்தியின் சருகு இன்னொருத்தியின் சருகோடு சேராது. தரம் பிசகினால் யார் கை என்று தெரிய வேண்டும் அல்லவா? வால்வுகளையும் அவர்கள் அப்படியே பிரித்திருந்தார்கள். ஆளுக்கு ஆறு அட்டைப்பெட்டி, பன்னிரண்டு வால்வு, மூன்று தரமாக மூன்று பெட்டி, அடியில் அவரவர் சுண்ணாம்பு. நான் வார்னிஷ் பூசிய பெட்டிகளை ஒருமுறையும் கவிழ்த்துப் பார்த்ததில்லை.

ஆக, ஒரே அடையாளமுள்ள மூன்று பெட்டிகளில் ஆறு ஜோடிகள் முழுமையாக இருந்தாக வேண்டும். பன்னிரண்டை அளந்தால் போதும்.

“மொதல்ல என் கைய அளங்க,” என்றார் சவரியம்மாள். “ஒத்தப் புள்ளி. தப்பிருந்தா என்னையச் சொல்லட்டும்.”

பத்தரைக்குத் தொடங்கினோம். மோதிரம் மேசையின் இடது மூலைக்குப் போனது. அவர் படித்தார், நான் முள்ளைப் பார்க்காமல் எழுதினேன், திருப்பிச் சொன்னேன். எட்டுப் பெண்களும் வேலையை விட்டுவிட்டு அறை வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். நான் எழுந்துபோகச் சொல்லவில்லை. மாலை ஐந்து மணிக்குப் பன்னிரண்டும் முடிந்தன. எண்களை வரிசையாகப் பரப்பி வைத்தபோது நான்கு ஜோடிகள் ஒன்றையொன்று கைபிடித்து நின்றதுபோல் தெரிந்தன. மீதி நான்கு வால்வுகள் ஐயத்துக்கிடம். எங்களுக்குத் தேவை இரண்டு ஜோடி. நான் புதிய சீட்டுகளை எடுத்து நீட்டினேன்.

“திரும்ப ஒருக்க,” என்றார். “நாளைக்கிக் காலையில.”

மறுநாள் காலை இரண்டாம் அளவை. முதல் ஜோடி முந்தைய நாள் எண்களை அப்படியே சொன்னது. இரண்டாம் ஜோடியின் முதல் வால்வும் சரி. கடைசி வால்வைச் செருகியபோது முள் ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கத் தொடங்கியது. பின் தெருவில் மாவு மில் ஓட ஆரம்பித்திருந்தது. அது ஓடும்போது எங்கள் மின்சாரம் ஏறி இறங்கும். முந்தைய நாள் மில்லுக்கு வார விடுமுறை. இதற்குள் கொச்சியிலிருந்து வந்த கடற்படை வீரர் வெள்ளைச் சீருடையில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மணிக்கட்டைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். நான் மில்லுக்கு ஒரு வேண்டுகோள் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

சவரியம்மாள் கடிதத்துக்குக் காத்திருக்கவில்லை. அவர் குரல் சுவரைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது.

“ஏலே அப்பு, செத்த நேரம் மெசின நிப்பாட்டு.”

“எதுக்கு? இம்புட்டுப் பேரு தூக்குச்சட்டியோட நிக்கிறாக, தெரியலையா?”

“கப்பல் போகணும்டா.”

“எந்தக் கப்பலு?”

“நாகல் நகர்ல நிக்குதுல்ல, அந்தக் கப்பலு. வந்து பாரு, வெள்ள உடுப்புப் போட்டு ஆளே வந்து நிக்கிறாரு.”

மில்காரர் உண்மையிலேயே எட்டிப் பார்த்தார். வீரரைக் கண்டதும் ஓடிப்போய் வாரைக் கழற்றிவிட்டார். மாவரைக்க வந்த கூட்டமும் தூக்குச்சட்டிகளோடு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. முள் நின்றது. திரு. தேவசகாயம் மூன்று நிலைகளிலும் படித்தார். நான் திருப்பிச் சொன்னேன். முந்தைய நாளின் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவர் மோதிரத்தை எடுத்து விரலில் போட்டுக்கொண்டு, இரண்டு புதிய சீட்டுகளில் கையெழுத்திட்டார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, சவரியம்மாளைப் பார்த்துச் சொன்னார்:

“இருக்கலாம்.”

“இருக்கலாமா? இருக்குதா, இல்லையா? ஒன்னைச் சொல்லுங்க!” என்றார் அவர். திரு. தேவசகாயம் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

வீரர் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு ஜட்காவில் ஏறினார். மாலை வண்டி புறப்பட்டுவிட்டது என்று நிலையத்திலிருந்து செய்தி வந்த பிறகு, திரு. தேவசகாயம் சேதப் பதிவேட்டை எடுத்து வந்து என் முன் விரித்து, பேனாவைத் திறந்து கொடுத்தார். சன்னலருகே போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். எழுதுபவர் கையைப் படிப்பவர் பார்க்கக்கூடாது என்று அவருக்கு ஒரு விதி இருந்திருக்க வேண்டும்.

‘காரணம்’ என்ற கட்டத்தில் நான் எழுதினேன்: ‘பொறுப்பாளரின் தெளிவற்ற உத்தரவு.’ கீழே என் கையெழுத்து.

மூன்றாம் நாள் கொச்சியிலிருந்து தந்தி வந்தது: கருவி சரியாக இயங்குகிறது. இரண்டாம் வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. விளக்கம் கொடுத்தேன். அந்த ஆண்டு எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. எட்டுப் பெண்களில் எவரையும் நிறுத்தவில்லை. சித்திரை வந்தது, போனது. மீதி வால்வுகளை அடுத்த மூன்று மாதத்தில் அடையாளம் அடையாளமாக எடுத்து அளந்து சேர்த்தோம். ஜோடி என்றால் என்னவென்று பெண்கள் அத்தனை பேருக்கும் நான் உட்கார்ந்து விளக்கினேன். சவரியம்மாள் கடைசிவரை கேட்டுவிட்டு, “இத அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு சுண்ணாம்பு மிச்சம்,” என்றார். அதன்பின் அவர் ஓய்வு பெறும்வரை என்னோடு சண்டை போடாத வாரம் ஒன்றிருந்ததாக நினைவில்லை. அவர் வராத நாளில் கிட்டங்கி எனக்குக் கிட்டங்கியாகவே இருந்ததில்லை.

இப்போது அந்நிறுவனத்தில் பணியாற்றும் இளைஞர்கள் தங்கள் ஆண்டு மலருக்காக என்னை எழுதக் கேட்டார்கள். முந்தைய மலர் ஒன்றையும் மாதிரிக்காகக் கொடுத்தார்கள். அதில் இந்நிகழ்ச்சி ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது: படிப்பறிவில்லாத பெண் தொழிலாளர்கள் கலந்துவிட்ட வால்வுகளை, கிட்டங்கிப் பொறுப்பாளர் வரதராஜன் தமது அறிவியல் அறிவால் ஒரே நாளில் பிரித்து, மூன்று ஜோடிகளைக் கப்பலுக்கு அனுப்பினார் என்று.

அனுப்பியவை இரண்டு ஜோடி. ஆனது ஒன்றரை நாள். அளந்தவர் திரு. தேவசகாயம். எங்கே தேட வேண்டுமென்று காட்டியவர் சவரியம்மாள். பெண்கள் கலந்துவிட்டார்கள் என்று முதன்முதலில் சொன்னவன் நான், அது பொய்.